முல்லை முடியுமிடம்: போரிலிருந்து மீண்டோர் பற்றிய ஆக்கங்களும் புத்தளக் கரையோரமும்

1

ஈழத்துப் போர்க்கால ஆக்கங்கள் பற்றிய ஆய்வுகள் அண்மைக் காலத்திற் பெருகியுள்ளன. அவ்வாய்வுகளிற் போருக்குச் சென்றவன் பேசப்படுகிறான். போரில் மடிந்தவன் பேசப்படுகிறான். போரினால் ஊரிழந்தவனும் ஓரளவு பேசப்படுகிறான். ஆனால் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்பி, மறுநாட் காலையில் வேலை தேடிப் புறப்படும் மனிதன் தனியொரு பொருளாக அரிதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறான். அவனது துயிலின்மை, காரணமின்றி எழும் சினம், மனைவி மக்களிடம் அவன் காக்கும் மௌனம் ஆகியன போரின் எச்சங்கள் என்றளவிற் குறிப்பிடப்பட்டு விடப்படுகின்றன. அவை எச்சங்கள் அல்ல. போரின் தொடர்ச்சி என்பதே நமது கருத்து.

இக்கட்டுரையில், போரிலிருந்து மீண்டோரைப் பொருளாகக் கொண்ட சில நூல்களையும் திரைப்படங்களையும் ஒருங்கு வைத்து நோக்க முயல்கின்றோம். அவற்றுட் சில சிங்களவர் படைத்தவை. சில தமிழர் படைத்தவை. இவற்றை ஒருசேர வாசிப்பதற்குரிய இடமாகப் புத்தள மாவட்டக் கரையோரத்தைத் தெரிவு செய்துள்ளோம். இத்தெரிவு தற்செயலானதன்று. அதன் காரணத்தைக் கூறுமுன், இம்மனிதன் நமது இலக்கியப் பார்வையினின்றும் நழுவியது ஏன் என்பதை விளங்கிக்கொள்ளுதல் அவசியமாகும்.

2

தமிழிலக்கிய மரபு போரின் கொடுமையை அறியாததன்று. நெடுநல்வாடையில் வேந்தன் நள்ளிரவிலே, வாடை வீசும் பாசறையில், காயமுற்ற வீரரைப் பார்வையிட்டவாறு துயிலின்றித் திரிகிறான். முல்லைப்பாட்டிலும் வெற்றியை எதிர்நோக்கி நிற்கும் மன்னனுக்கு உறக்கம் வரவில்லை. புண்பட்ட யானைகளும் மாண்ட வீரரும் அவன் நினைவில் வந்து நிற்கின்றனர். போர் மனத்தைத் தாக்கும் என்ற உண்மையை இவ்விரு பாட்டுக்களும் ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகின்றன.

ஆயினும் முல்லைத் திணையின் அமைப்பு இவ்வுணர்வைத் தொடர இடமளிக்கவில்லை. தலைவி ஆற்றியிருக்கிறாள், கார்காலம் வருகிறது, தேர் ஊரை நெருங்குகிறது, கவிதை முடிகிறது. மீட்சி என்பது அங்கே முற்றுப்புள்ளி. பாசறையில் உறங்காத மனிதன் வீட்டில் உறங்கினானா என்ற வினா எழுவதில்லை. அவ்வினாவை எழுப்பாமையே அத்திணையின் அழகுக்கு ஆதாரம் எனவுங் கூறலாம்.

புறத்திணை மரபோ இவ்வினாவை வேறு வகையில் மூடிவிடுகிறது. விழுப்புண் படாத நாளை வீணான நாளாக எண்ணும் வீரனையே திருக்குறளின் படைச்செருக்கு போற்றுகின்றது. வெண்ணிப் போரிற் புறப்புண் பட்ட பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். உடற்காயம் மனக்காயமாக மாறிய வரலாறு இது. ஆனால் மரபு அதனை நாணம் என்ற ஒரே பெயரால் மட்டுமே அறிந்தது. மடிந்தவனுக்கு நடுகல் உண்டு. வென்றவனுக்குப் பரணி உண்டு. உயிர் தப்பி வாழ நேர்ந்தவனுக்கு உரிய இலக்கிய வடிவம் எதுவும் வகுக்கப்படவில்லை.

வில்லிபாரதமும் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. வடமொழிப் பாரதத்தில், வென்ற தருமன் உற்றாரைக் கொன்ற துயரினால் அரசே வேண்டாமென மறுக்கும் பகுதிகள் விரிவாக உள்ளன. வில்லிபுத்தூரார் பாடியனவோ பத்துப் பருவங்கள்; போர் முடிய அவர் காவியமும் முடிகிறது. எஞ்சிய கதையைப் பிற்காலத்தில் நல்லாப்பிள்ளை பாரதம் நிறைவு செய்ததாயினும், புலவோர் மத்தியிற் செல்வாக்குப் பெற்றது வில்லியின் பாரதமே. ஆக, அகத்தில் முல்லையும் புறத்திற் பரணியும் இதிகாசத்தில் வில்லிபாரதமும் ஏறத்தாழ ஒரே வாசலில் வந்து நின்றுவிடுகின்றன.

நமது காலத்து ஆயுத அரசியலும் இம்மரபையே தனக்கேற்பப் பயன்படுத்திற்று. ஒரு பக்கம் துயிலும் இல்லங்கள், மறுபக்கம் ரணவிரு நினைவுத் தூபிகள். இரண்டும் மடிந்தவரைப் போற்றின. 2009 இன் பின்னர் துயிலும் இல்லங்கள் இடித்தழிக்கப்பட்டன. தூபிகள் மேலும் எழுந்தன. இந்த ஏற்றத்தாழ்வு கண்டிக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. எனினும், உயிரோடு திரும்பியவன் இரு தரப்பு நினைவுச் சின்னங்களுக்கும் வெளியிலேயே நிற்கிறான் என்பதையும் நாம் காணத் தவறலாகாது.

3

புத்தளக் கரையோரத்துக்கு வருவோம். சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி எனத் தொடரும் இக்கரை, போரின் களமாகப் பெரிதும் அமையவில்லை. போரிலிருந்து வந்தவர்கள் ஒதுங்கும் கரையாக அது அமைந்தது.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் 70,000 க்கு மேற்பட்டோர் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. அவர்களுட் பெரும்பாலோர் புத்தள மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். மன்னார்த் தீவின் மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய அகதி வாழ்வு ஒரு தலைமுறையையும் கடந்து நீண்டது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் அறிஞர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் தமது ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இம்மக்களின் கதையை ஆவணப்படுத்துவதிற் செலவிட்டார்.

அதே கற்பிட்டியிற் கடற்படை முகாம் உண்டு. பாலாவியில் விமானப்படை முகாம் உண்டு. கரையோர மீனவக் குடும்பங்களிலிருந்தும் உள்நாட்டு வறண்ட வலயக் கிராமங்களிலிருந்தும் இளைஞர் முப்படைகளிலுஞ் சேர்ந்தனர். அவர்களைச் சேர்த்தது தேசப்பற்று மட்டுமன்று. பருவம் பொய்த்த வயலும், கடனில் மூழ்கிய தோணியும், மாதந் தவறாத சம்பளமும் அவர்களைச் சேர்த்தன. போரின் இறுதிக் காலத்தில் வன்னியின் வறிய குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த விதம் வேறு. அங்கே நிகழ்ந்தது கட்டாய ஆட்சேர்ப்பு. ஆயினும் இரு பக்கத்திலும் போருக்குத் தீனியானோர் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினர் என்பது மறைக்கவியலாத உண்மை.

இன்னுமொரு சிறப்பும் இக்கரைக்கு உண்டு. நீர்கொழும்பு தொட்டுச் சிலாபத்துக்கு வடக்கே வரை பரந்துள்ள கத்தோலிக்க மீனவ மக்களிடையே, கடந்த நூற்றாண்டில் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மொழிமாற்றம் நிகழ்ந்தது. முதியோர் தமிழிற் செபிக்க இளையோர் சிங்களத்திற் படிக்கும் குடும்பங்கள் இங்கு இருந்துள்ளன. இத்தகைய ஒரு வீட்டிலிருந்து சிங்களச் சிப்பாயாக வடக்கே சென்ற இளைஞனின் பாட்டி, அவனுக்காகத் தமிழிலேயே மன்றாடியிருக்கக்கூடும். தலவில அன்னம்மாள் ஆலயத்தில் இரு மொழியினரும் நேர்த்தி வைக்கின்றனர். உடப்பில் ஆண்டுதோறும் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கின்றனர். பாரதப்போரின் முடிவை ஒட்டிய சடங்கு அது. அங்கும் கதை போரோடு முடிந்துவிடுகிறது. போரின் பின் வந்த வாழ்க்கையோ அத்தீக்குழியைச் சூழ்ந்த கரையெங்கும் பரந்து கிடக்கிறது.

வெளியேற்றப்பட்டோர், அவர்களை வெளியேற்றிய இயக்கத்தோடு போரிட்டோர், அவ்வியக்கத்தின் பெயரால் ஐயத்துக்குள்ளாகிய தமிழர் ஆகிய மூவகையினரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் இடம் இது. இவர்களது கதைகளைத் தனித்தனிப் பட்டியல்களில் வைக்கும் நமது திறனாய்வு முறை இக்கரையில் செல்லாததாகிவிடுகிறது.

4

இப்பின்னணியில் ஆக்கங்களை நோக்குவோம். அவற்றை அளப்பதற்கு மூன்று வினாக்களை முன்வைக்கலாம். மீட்சியை முடிவாகக் கொள்ளாது அதற்கப்பால் செல்கிறதா? மீண்டவனைப் போருக்கு அனுப்பிய சமூகக் காரணிகளைக் காட்டுகிறதா? அவனால் அல்லது அவனது தரப்பினால் தீங்குற்றவரை அவனது துயரின் முன் நிறுத்துகிறதா?

பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' 1997 இல் ஆக்கப்பட்டது. 2000 இல் அதன் திரையிடலை அரசு தடுத்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே அது வெளிவந்தது. முத்திரையிடப்பட்ட சவப்பெட்டியில் மகன் 'திரும்பி' வருகிறான். கண்பார்வையற்ற தந்தை வன்னிஹாமி அம்மரணத்தை ஏற்க மறுக்கிறார். நட்டஈட்டுப் படிவத்தில் ஒப்பமிட மறுக்கிறார். ஈற்றில் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டியுள் இருப்பது மகனல்லன். அரைகுறையாய் நிற்கும் வீடும் அதனை முடிக்கவல்ல நட்டஈடும் நமது இரண்டாம் வினாவுக்குத் தெளிவான விடை பகர்கின்றன. சிப்பாயின் குடும்பம் போரை வாழ்வாதாரமாகக் கொள்ள நேர்ந்த அவலத்தை இத்துணைச் செறிவாகக் காட்டிய ஆக்கங்கள் சிலவே.

அதே நெறியாளரின் 'இர மெதியம' 2003 இல் வெளிவந்தது. காணாமற்போன விமானியான கணவனைத் தேடும் பெண், புலிகளால் வெளியேற்றப்படும் முஸ்லிம் கிராமத்துச் சிறுவன், விடுமுறையில் வந்து விலைமாதர் விடுதியில் தன் தங்கையைக் காணும் சிப்பாய் என மூன்று கதைகள் அதிற் பின்னப்பட்டுள்ளன. சிப்பாயின் கதை நமது பொருளுக்கு இன்றியமையாதது. குடும்பத்தைக் காக்கவே அவன் படையிற் சேர்ந்தான். அக்குடும்பத்தின் சிதைவை விடுமுறையொன்றிற் காண்கிறான். அவனது மனக்காயம் களத்தில் ஏற்படவில்லை, ஊரிலேயே ஏற்படுகிறது. முல்லையின் ஒழுங்கு இங்கு தலைகீழாகிறது. எனினும் மூன்று கதைகளும் ஒன்றையொன்று அருகாகக் கடந்து செல்கின்றனவேயன்றிச் சந்திப்பதில்லை. எல்லோரும் துன்புறுகின்றனர் என்ற மனிதாபிமானம் படத்தின் பலம். யார் யாருக்குப் பொறுப்பு என்ற வினா எழாமை அதன் எல்லை. அம்மூவரும் உண்மையில் அயலவராக வாழ நேர்ந்த கரை புத்தளக் கரையாகும்.

அசோக ஹந்தகமவின் 'மே மகே சந்தய்' 2000 இல் வெளிவந்தது. பதுங்குகுழியில் தமிழ்ப் பெண்ணொருத்தியைக் கெடுத்த சிப்பாய் படையை விட்டோடித் தன் எல்லைக் கிராமத்துக்கு வருகிறான். அப்பெண் அவனைப் பின்தொடர்ந்து வருகிறாள். படையை விட்டோடியோர் பல்லாயிரவராயிருந்த நாட்டில், அவ்வோட்டத்தைக் கோழைத்தனமாகவோ வீரமாகவோ காட்டாது விட்டமை இப்படத்தின் நேர்மை. மீண்டவனின் வீட்டு முற்றத்தில் அவனாற் கெடுக்கப்பட்டவளை நிறுத்தியமை அதனினும் பெரிது. நமது மூன்றாம் வினாவை இத்துணை நேராக எதிர்கொண்ட பிறிதோர் ஆக்கத்தைக் காட்டுதல் எளிதன்று. ஆனால் அப்பெண் பெரும்பாலும் பேசாதவளாகவே படைக்கப்பட்டிருப்பது, அவளது துயர் அவனது துயரின் நிழலாகிவிடும் அபாயத்தையும் தோற்றுவிக்கின்றது.

இதே ஹந்தகம 2012 இல் 'இனி அவன்' என்ற படத்தைத் தமிழில் ஆக்கினார். புனர்வாழ்வு முடித்து யாழ்ப்பாணக் கிராமத்துக்கு மீளும் முன்னாட் போராளி அதன் நாயகன். 2022 இல் மறைந்த தர்ஷன் தர்மராஜ் அப்பாத்திரத்தை நடித்தார். பிள்ளைகளை இயக்கத்துக்குப் பறிகொடுத்த ஊர் அவனை வரவேற்கவில்லை. காவலாளி வேலை கிடைக்கிறது. அவ்வேலையே அவனைக் கடத்தலின் பக்கம் இழுக்கிறது. போரில் அவன் கற்ற ஆற்றல்களுக்குச் சமாதான காலத்துச் சந்தையில் இருந்த ஒரே விலை குற்றவுலகின் விலையாயிற்று என்ற அவதானிப்பு கூர்மையானது. 2009 இன் பின்னர் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களினூடாக வந்தனர். அவர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கப்பட்டது. ஆனால் அவர்களை ஏற்கும் பொருளாதாரமோ அச்சமின்றிப் பேசும் சூழலோ அளிக்கப்படவில்லை. கண்காணிப்பின் கீழ் வாழ்பவனின் மௌனத்தை நோயெனக் கொள்வதா, விவேகமெனக் கொள்வதா?

நூல்களுள் இரண்டை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். முதலாவது, கடற்படை அதிகாரி அஜித் போயாகொட சொல்லச் சுனிலா கலப்பதி ஆங்கிலத்தில் எழுதி 2016 இல் வெளிவந்து, தமிழில் 'நீண்ட காத்திருப்பு' எனப் பெயர்க்கப்பட்ட நினைவுநூல். 1994 செப்டெம்பரில் மன்னாரை அண்டிய கடலில் 'சாகரவர்தன' என்ற கப்பலைக் கடற்புலிகள் மூழ்கடித்தனர். அதன் தளபதியான போயாகொட கைதியாகி எட்டாண்டுகள் புலிகளின் தடுப்பிலிருந்து, 2002 இல் விடுதலையானார். புத்தளக் கரையைத் தொடும் அதே வளைகுடாக் கடலிற் தொடங்கும் கதை இது. ஆங்கில மூலத்தின் உபதலைப்பு போர், சிறை, மீட்சி என்ற மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கின்றது. மீட்சியும் சிறையைப்போல ஓர் அனுபவம், ஒரு காலப்பகுதி என்ற உணர்வு அதில் உண்டு. தம்மைச் சிறைவைத்தவர்களை வெறுக்காது பேசியமையே அவர் நாட்டிற் சந்தேகத்துக்கு உள்ளாகக் காரணமாயிற்று. தந்தையின்றி வளர்ந்துவிட்ட பிள்ளைகளிடம் தந்தையாய்த் திரும்புதல், போய்விட்ட எட்டாண்டுகளை யாரிடமும் கோரவியலாமை ஆகியவற்றை ஆரவாரமற்ற நடையில் அந்நூல் உணர்த்துகின்றது. அந்நடையின் அமைதியே அதன் கருத்து. வீரமும் வேண்டாது பழியும் கூறாது பேசும் குரலுக்கு இரு தேசியங்களின் மேடைகளிலும் இடமில்லை.

இரண்டாவது, தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்'. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்றுறைப் பொறுப்பாளராயிருந்த அவர் 2015 ஒக்டோபரிற் காலமானார்; நூல் மறு ஆண்டு வெளிவந்தது. இயக்க வரலாறு பற்றிய அதன் கூற்றுக்களே பெரும் வாதப் பிரதிவாதங்களுக்கு உள்ளாகின. நூலை மெய்யென நிறுவவும் பொய்யென மறுக்கவும் ஊக்கங்கொண்டோர், சரணடைவும் சிறையும் புனர்வாழ்வும் கடந்து வந்த ஒரு பெண்ணின் மனநிலைச் சித்திரமாக அதனை வாசிக்கத் தவறினர். ஆண் போராளி மீளும்போது ஊர் அவனை அஞ்சுகிறது. பெண் போராளி மீளும்போது ஊர் அவளது ஒழுக்கத்தை ஐயுறுகிறது. முல்லைத் திணையில் ஆற்றியிருப்பவள் பெண். இங்கே பெண்ணே போரிலிருந்து மீள்கிறாள். அவளுக்காக ஆற்றியிருந்தவர் யார்? மரபிடம் இதற்கு விடை இல்லை. நமது சமூகத்திடமும் இல்லாதிருந்தது.

5

மனக்காயம் பற்றிய மருத்துவச் சொல்லாடல் இன்று பெருவழக்காகிவிட்டது. முதலாம் உலகப்போரில் எறிகணை அதிர்ச்சியெனப் பெயர்பெற்ற நிலை, வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்கச் சிப்பாய்களின் போராட்டங்களை அடுத்து, 1980 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டில் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோயாக இடம்பெற்றது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் தாக்கத்தைத் தனிமனித நோயாக மட்டும் கருதுதல் போதாது, குடும்பமும் சமூகமுமே காயமுறுகின்றன என வலியுறுத்தினார். இக்கருத்து இலக்கியத் திறனாய்வுக்கும் பயனுடையது. ஏனெனில் தனிமனித மனத்தினுள் மட்டும் புகுந்து நிற்கும் ஆக்கம், அம்மனத்தைச் சிதைத்த அதிகாரத்தைத் தப்பவிட்டுவிடுகின்றது.

ஆயின் இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. ஆயுதமேந்தியவனின் துயரையும் அவன் ஆயுதத்தால் ஊரிழந்தவனின் துயரையும் ஒரே தட்டில் வைத்தல் நீதியாகாது. புத்தளத்துக் கொட்டிலில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, தந்தையின் மன்னார் வீட்டைப் பறித்த இயக்கத்து இளைஞனும் உறக்கமின்றித் தவிக்கிறான் என்று கூறுவது ஆறுதலாகாது; சில வேளை அவமதிப்பாகவும் முடியலாம். போர் முடிந்தபின் மன்னாருக்கு மீண்ட முஸ்லிம் மக்களுக்கும் மீட்சி முடிவாகவில்லை. காடு மூடிய காணியும், அங்கும் இங்குமாய்ப் பிளவுண்ட குடும்பமும், இருபதாண்டின் பின் அந்நியமாகிவிட்ட அயலும் அவர்களை எதிர்கொண்டன. அவர்களும் போரிலிருந்து மீண்டோரே. ஆனால் ஆயுதமேந்தாது மீண்டோர். துயரின் உண்மையை ஏற்றல் வேறு. துயரைக் காட்டிப் பொறுப்பைக் கழுவுதல் வேறு. இவ்வேறுபாட்டைக் காக்கும் ஆக்கமே நமது மூன்றாம் வினாவிற் தேறும்.

மறுதலையாக, பொறுப்பைக் காரணங்காட்டித் துயரையே மறுப்பதும் முற்போக்காளர்க்கு ஏற்புடைத்தன்று. வறுமையாலும் வற்புறுத்தலாலும் போருக்கு இழுக்கப்பட்ட இளைஞரை முதலில் வீரரென்றும் பின்னர் குற்றவாளியரென்றும் பெயரிட்டு ஒதுக்கிய இரு தேசியங்களும் தம் கணக்கை அவர்கள் முதுகிலேயே எழுதி முடித்துவிட்டன. கட்டளையிட்டோரும் நிதியளித்தோரும் மேடையிற் பேசினோரும் அக்கணக்கில் இல்லை. மீண்டவனின் மனக்காயத்தைக் கூர்ந்து படிப்பதென்பது, அக்கணக்கை மீளத் திறப்பதாகும்.

இவற்றை நோக்குமிடத்து, நமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணியொன்று புலனாகின்றது. இந்த ஆக்கங்கள் எவையும் புத்தளக் கரையைத் தம் முதன்மைக் களமாகக் கொண்டவையல்ல. ஆனால் அவை தனித்தனியே விட்டுச்சென்ற வினாக்கள் அக்கரையில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. கற்பிட்டி, முந்தல், உடப்பு, சிலாபம் ஆகிய இடங்களில், தமிழிலும் சிங்களத்திலும் வாய்மொழி வாழ்க்கை வரலாறுகளைத் திரட்டுதல் வேண்டும். ஓய்வுபெற்ற கடற்படைவீரனின் மனைவியும், எருக்கலம்பிட்டியிலிருந்து படகேறி வந்த மூதாட்டியும், வடக்கிலிருந்து வந்து மீன்வாடியிற் கூலிக்கு நிற்கும் முன்னாட் போராளியும் கூறுவன ஒரே தொகுப்பில் இடம்பெறுதல் வேண்டும். எவரது கூற்றும் மற்றவரதை மறைக்காத வகையில், கூறுவோரின் பாதுகாப்புக்கு உறுதியளித்து, அவர் விரும்பாத பெயரை வெளியிடாது அது செய்யப்படல் வேண்டும்.

முல்லைப் பாட்டு தேரொலியோடு முடிந்தது. அவ்வொலி ஓய்ந்தபின் வீட்டினுள் நிகழ்வதைக் கூறும் பொறுப்பு நமது காலத்து எழுத்தாளருடையது. அதனைக் கேட்கச் சமூகத்தைப் பழக்கும் பொறுப்பு திறனாய்வாளருடையது.